வேலை நமக்கு மதிப்பைத் தருகிறதா, காட்டுகிறதா?

"செய்யும் தொழிலே தெய்வம்" என்று சுவரில் எழுதி மாட்டியிருக்கும் இடங்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மாட்டியவர் பெரும்பாலும் முதலாளி. படிக்க வேண்டியவர் அங்கே வேலை பார்ப்பவர். முதலாளி தன் மேசைக்கு எதிரே மாட்டித் தானே தினமும் படித்துக்கொண்டால் அதை ஆன்மிகம் என்று ஒப்புக்கொள்வேன். அடுத்தவர் கண்ணில் படும்படி மாட்டினால் சந்தேகம் வருகிறது.

அன்றாட வேலையில் ஆன்மிகப் பாடம் இருக்கிறது, அது மனிதனின் மதிப்பைச் சொல்லித்தருகிறது என்று பலரும் பேசுகிறார்கள். எப்படி என்று கேட்டால்தான் குழப்பம். கஷ்டப்பட்டு உழைத்தால் மதிப்பு தானாக வரும் என்பார் ஒருவர். எந்த வேலையானாலும் முகம் சுளிக்காமல் செய்ய வேண்டும், அதுதான் பாடம் என்பார் இன்னொருவர். வேலையில் மூழ்கினால் மனம் அடங்கும், அவ்வளவுதான் என்று முடித்துக்கொள்வார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. அந்த இடத்தைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், எதையும் நம்பாதவராக இருந்தாலும் கூடவே வரலாம்.

## முதலில் ஒரு பேனா

பேனா தொலைந்துவிட்டது. அதே மாதிரி இன்னொன்று வாங்குகிறோம், விஷயம் முடிந்தது. பழைய பேனாவுக்காக யாரும் அழுவதில்லை. அது செய்த வேலையைப் புதியது செய்துவிடும்.

இப்போது ஓர் அலுவலகம். அங்கே வேலை பார்த்த ஒருவர் திடீரென்று இறந்துபோகிறார். எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காக்கிறார்கள், சிலர் உண்மையாகவே அழுகிறார்கள். ஒரு மாதம் கழித்து அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். வேலை நடக்கிறது, நடக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் வீட்டில் காலியான இடத்துக்கு யாரை நியமிப்பது? அவரைவிடத் திறமையானவர், அவரைவிட அதிகம் சம்பாதிப்பவர் என்று எவரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

தமிழில் 'ஈடு' என்று ஒரு சொல் இருக்கிறது. நட்டத்தை ஈடுகட்டலாம், நகையை ஈடு வைக்கலாம்; சிலவற்றை மட்டும் ஈடு இணையற்றது என்கிறோம். ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் 1785-இல் இந்தச் சொல்லுக்குள் இருக்கும் பிரிவினையைத்தான் தத்துவமாக எழுதினார். எதற்கு ஈடாக இன்னொன்றை வைக்க முடியுமோ அதற்கு விலை உண்டு. எதற்கு ஈடே கிடையாதோ அது விலைக்கு மேலே நிற்கிறது. அதற்கு இருப்பது மாண்பு.

இனி இந்தக் கட்டுரையில் இரண்டு சொற்களை இப்படியே வைத்துக்கொள்வோம். 'விலை' என்றால் நம் வேலைக்கு உலகம் தரும் மதிப்பு: சம்பளம், பதவி, பாராட்டு, நல்ல பெயர் எல்லாம் இதில் அடக்கம். அது ஏறும், இறங்கும். 'மாண்பு' என்றால் மனிதராக இருப்பதாலேயே ஒருவருக்கு இருக்கும் மதிப்பு. அதைச் சம்பாதிக்க முடியாது, ஆகவே இழக்கவும் முடியாது. 1948-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு, மனிதர்கள் மாண்பிலும் உரிமையிலும் சமமாகப் *பிறக்கிறார்கள்* என்கிறது. பிறந்த குழந்தை எந்த வேலையும் செய்திருக்காது என்பதை எழுதியவர்கள் அறியாமல் இல்லை.

அந்தக் குழந்தையையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். அது எதையும் உற்பத்தி செய்வதில்லை. வீட்டில் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுக்கிறது. இன்னொரு அறையில் பல மாதமாகப் படுக்கையில் கிடக்கும் தாத்தாவும் எதையும் உற்பத்தி செய்வதில்லை. உழைப்புதான் மதிப்பைத் தருகிறது என்றால் இவர்கள் இருவருக்கும் மதிப்பு பூஜ்யம். அப்படிச் சொல்ல நமக்கு நா எழுவதில்லை. ஆனால் நம்மைப் பற்றி யோசிக்கும்போது மட்டும் அதே கணக்கைத்தான் போடுகிறோம்.

சரி, இதுவரை வந்தது: வேலைக்கு விலை உண்டு, ஆளுக்கு மாண்பு உண்டு. இரண்டும் ஒருவரிடமே இருப்பதால்தான் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

## குறளின் இரண்டாம் அடி

மேடையில் அதிகம் கேட்கும் குறள்களில் 972-ஆம் குறளும் ஒன்று. "பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்" என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கைதட்டல் அங்கேயே கிடைத்துவிடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். முழுக் குறள் இது:

பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா
செய்தொழில் வேற்றுமை யான்.

பிறப்பு எல்லோருக்கும் ஒன்று. செய்யும் தொழிலின் வேறுபாட்டால் சிறப்பு மட்டும் ஒன்றாக இருப்பதில்லை. பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா, தொழிலால் ஏற்றத்தாழ்வு உண்டு" என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். நான் இதை இரண்டு கணக்கு நோட்டுகளாகப் படிக்கிறேன். ஒன்றில் பிறப்பு, இன்னொன்றில் சிறப்பு. இரண்டாவதில் எவ்வளவு வரவு வந்தாலும் முதலாவதில் ஒரு எழுத்தும் மாறாது. மருத்துவம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வேறுபாடு இல்லையென்று பாவனை செய்யச் சொல்லவில்லை இந்தக் குறள். அந்த வேறுபாட்டைத் தூக்கிக்கொண்டுபோய் முதல் நோட்டில் எழுதாதே என்கிறது.

இது வரும் அதிகாரத்தின் பெயர் 'பெருமை'. அதே அதிகாரத்தில் "பணியுமாம் என்றும் பெருமை" என்றும் வருகிறது. பெருமை எப்போதும் பணிந்திருக்கும். தமிழில் 'பணி' என்றால் வேலை. 'பணி' என்றால் தாழ்ந்து வணங்கு. எபிரேய மொழியிலும் இப்படி ஒரு சொல் உண்டு: 'அவோதா' என்பது வேலையையும் குறிக்கும், வழிபாட்டையும் குறிக்கும். வேலையையும் வணக்கத்தையும் ஒரே சொல்லுக்குள் வைக்கும் பழக்கம் ஒரு மொழிக்கு மட்டும் உரியதாக இல்லை.

## பன்னிரண்டு மணி நேரமும் ஒரு மணி நேரமும்

மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதை ஒன்று எனக்கு நெடுநாள் எரிச்சலூட்டியது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் சிலரை நாள் கூலிக்கு அழைத்துவருகிறார். கூலி ஒரு வெள்ளிக்காசு. அப்புறம் காலை நடுவில் சிலர், நண்பகலில் சிலர், பிற்பகலில் சிலர். கடைசியாகப் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் சந்தையில் நிற்பவர்களைப் பார்த்து, "ஏன் சும்மா நிற்கிறீர்கள்?" என்று கேட்கிறார். "எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை" என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். மாலையில் எல்லோருக்கும் அதே ஒரு காசு.

நாள் முழுக்க வெயிலில் வெந்தவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. எந்தச் சங்கத்திடம் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் என்ன சொல்லிச் சண்டையிடுகிறார்கள் என்று பாருங்கள். எங்களுக்குக் குறைத்துவிட்டாய் என்று சொல்லவில்லை. பேசிய கூலி கைக்கு வந்துவிட்டது. இவர்களை *எங்களுக்குச் சமமாக்கிவிட்டாயே* என்கிறார்கள். வலிக்கும் இடம் பணம் இல்லை. தாங்கள் உழைத்த கூடுதல் மணி நேரங்களைக் கொண்டு தாங்கள் மேலானவர்கள் என்று நிரூபித்துவிட்டதாக நினைத்திருந்தார்கள். நாளின் முடிவில் அந்த நிரூபணம் செல்லாமல் போய்விட்டது.

கடைசியில் வந்தவர்களின் பதிலும் சாதாரணமானது இல்லை. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். காலையிலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறார்கள், யாரும் அழைக்கவில்லை. வேலை தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், அப்படி நிற்பதுதான் அந்த நாளின் மிகக் கடினமான வேலை.

இதைக் கூலி நிர்ணயிக்கும் முறையாக எடுத்துக்கொண்டால் எந்தத் தோட்டமும் நடக்காது. அது மாண்பின் கணக்கு எப்படி இருக்கும் என்று காட்டுகிறது. அங்கே மணி நேரம் எண்ணப்படுவதில்லை.

## அப்படியானால் வேலை எதற்கு?

மாண்பு பிறவியிலேயே இருக்கிறது என்றால், வேலையில் கற்க என்ன இருக்கிறது? புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது. பாட்டு கற்பதோடு ஒப்பிட்டால் விளங்கும்.

பாட்டு கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு முதலில் எல்லாச் சுரமும் ஒன்றுபோலவே கேட்கும். சுருதி விலகினாலும் தெரியாது. மாதக்கணக்கில் சாதகம் செய்த பிறகு ஒரு நாள், இத்தனை நாளும் பக்கத்து அறையில் ஒலித்துக்கொண்டிருந்த தம்புராவில் எவ்வளவு இருக்கிறது என்று திடீரென்று கேட்கும். சாதகம் அந்தச் சுருதியை உண்டாக்கவில்லை. காதைத்தான் உண்டாக்கியது.

அன்றாட வேலை அப்படிப்பட்ட சாதகம். மதிப்பை அது உற்பத்தி செய்வதில்லை. ஏற்கெனவே இருக்கும் மதிப்பைப் பார்க்கும் கண்ணைப் பழக்குகிறது. இந்தப் பழக்கம் பெரும்பாலும் கவனத்தின் வழியாக நடக்கிறது. 'கவனம்' என்று இங்கே சொல்வது, எதிரில் இருப்பதை நமக்கு என்ன பயன் என்று கேட்காமல் அது எப்படி இருக்கிறதோ அப்படியே பார்ப்பது. நோயாளியின் படுக்கையை மாற்றுபவர் துணி மடிப்பு எங்கே முதுகை உறுத்தும் என்று பார்க்கிறார். அந்த ஒரு நொடியில் அவர் கண்ணுக்குத் தெரிவது 'படுக்கை எண்' இல்லை, வலிக்கக்கூடிய ஒரு முதுகு. ஒரு நாளில் நூறு முறை அப்படிப் பார்ப்பவருக்கு மனித மாண்பு பற்றிப் பிரசங்கம் தேவைப்படாது.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி தன் மடத்துக்கு எழுதிய ஒழுங்குவிதிகளில் இது நடைமுறையாகவே இருக்கிறது. மடத்தின் பாத்திரங்களையும் கருவிகளையும் பலிபீடத்துப் புனிதக் கலங்களைப் போல நடத்த வேண்டும் என்று பொருள்களைப் பராமரிப்பவருக்கு 31-ஆம் அதிகாரம் சொல்கிறது. மண்வெட்டிக்கும் பூசைக் கிண்ணத்துக்கும் ஒரே மரியாதை. இதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். 57-ஆம் அதிகாரத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை. மடத்தில் கைவினைஞர் யாராவது தன் திறமையால் மடத்துக்கே லாபம் என்று செருக்கடைந்தால், அவரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும்; பணிவு வந்த பிறகே திரும்பக் கொடுக்கலாம் என்கிறது அது. இன்றைய நிர்வாகி யாரும் செய்யத் துணியாத காரியம், சிறந்த ஆளை அவர் சிறப்பாகச் செய்யும் வேலையிலிருந்து நிறுத்துவது! ஆனால் பெனடிக்டுக்கு அந்த ஆள் முக்கியம். விலையைக் காட்டித் தன்னை நிறுக்கத் தொடங்கிவிட்டவருக்கு வேலை அந்தப் பாட்டுச் சாதகத்தைப் போன்ற பயிற்சியாக இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அமைதி பற்றியும் ஒரு வார்த்தை. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் பல ஆண்டுகள் சமையலறையில் வேலை பார்த்தார். பிறகு காலணிகள் பழுதுபார்த்தார். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் கடவுளின் முன்னிலையில் இருக்கலாம் என்று சொன்னதற்காக அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருக்குச் சமையலறை வேலை பிடிக்கவே பிடிக்காது என்பதும் அவரைப் பற்றிய பதிவிலேயே இருக்கிறது. ஆகவே, செய்யும்போது இனிமையாக இருந்தால்தான் அது ஆன்மிகம் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

சுருக்கமாக: வேலை மாண்பைத் தருவதில்லை, பார்க்கப் பழக்குகிறது. பழகும் வழி கவனம். அதற்கு வேலை பிடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

## நன்றாகச் செய்தால் மறைந்துவிடும் வேலைகள்

நான் சில ஆண்டுகள் மெய்ப்புப் பார்க்கும் வேலை செய்தவன். அச்சுக்குப் போகும் முன் எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை பார்த்துத் திருத்துவது. அந்த வேலையின் விசித்திரம், நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாது. முந்நூறு பிழையைத் திருத்திய புத்தகத்தைப் படித்துவிட்டு "நல்ல மெய்ப்பு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்று விட்டுப்போனால் கடிதம் வரும்.

பாராட்டு வராத வேலை பணிவைக் கற்றுத்தரும் என்று நினைத்தேன். எனக்கு அது முதலில் கற்றுத்தந்தது வேறு. மற்றவர்கள் பார்த்த புத்தகங்களில் பிழை கண்டுபிடித்துச் சந்தோஷப்பட ஆரம்பித்தேன். என் வேலை கண்ணுக்குத் தெரியாததால், இன்னொருவரின் தவறை வைத்து என் உயரத்தை அளந்துகொண்டேன். அதை நானே கவனிக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. மறைந்துபோகும் வேலை ஒரு கண்ணாடி மாதிரி. பாராட்டு என்ற திரை இல்லாததால், நாம் எதை வைத்து நம்மை நிறுக்கிறோம் என்பது அதில் அப்படியே தெரிந்துவிடும்.

பெருக்குவது, துவைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, முதியவருக்கு ஊட்டுவது எல்லாம் இந்த வகைதான். மாலைக்குள் செய்த தடமே இருக்காது, மறுநாள் மீண்டும் முதலிலிருந்து. சிந்தனையாளர் ஹன்னா ஆரென்ட், நிலையான பொருளை விட்டுச்செல்லும் ஆக்கத்தையும் தடம் விடாத இந்த உழைப்பையும் தனித்தனியாகவே பிரித்துப் பேசினார். உலகம் முதலாவதற்குச் சிலை வைக்கிறது. ஆனால் இரண்டாவது நின்றுபோனால் சிலை வைக்க ஆளே இருக்க மாட்டார்கள்.

## இந்தப் பேச்சை ஆயுதமாக்கும்போது

1997-இல் எமி விரெஸ்னியெவ்ஸ்கியும் சக ஆய்வாளர்களும், மனிதர்கள் தங்கள் வேலையை மூன்று விதமாகப் பார்க்கிறார்கள் என்று எழுதினார்கள்: பிழைப்பு, முன்னேற்றம், அழைப்பு. 'அழைப்பு' என்றால் இதற்காகவே நான் இருக்கிறேன் என்ற உணர்வு. பிறகு ஜேன் டட்டனோடு சேர்ந்து 2001-இல் எழுதிய கட்டுரையில் மருத்துவமனைத் துப்புரவாளர்களைப் பற்றிச் சொல்கிறார். சிலர் தங்களை நோயாளிகள் குணமாவதில் பங்குள்ளவர்களாகவே பார்த்தார்கள். பட்டியலில் இல்லாத சின்னச் சின்ன உதவிகளையும் செய்தார்கள். உத்வேகப் பேச்சுகளில் இது அடிக்கடி வரும்.

அதே பேச்சுகளில் வராதது 2009-இல் பண்டர்சனும் தாம்சனும் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் விலங்குக்காட்சிச் சாலைப் பராமரிப்பாளர்களை எடுத்துக்கொண்டார்கள். வேலையை அழைப்பாக உணர்ந்தவர்களுக்கு ஆழமான நிறைவு இருந்தது. கூடவே, குறைந்த சம்பளத்தையும் வசதிக்குறைவையும் பொறுத்துக்கொள்ளும் மனமும் இருந்தது. அதனால் அவர்களைச் சுரண்டுவதும் எளிதாக இருந்தது. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

"கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்ற வரிக்கும் இதே கதிதான். கீதையின் இரண்டாம் அத்தியாயத்து 47-ஆம் சுலோகத்தின் சுருக்கம் அது. ஒருவர் சம்பள உயர்வு கேட்கும்போது மட்டும் சுற்றியிருப்பவர்களுக்கு அது எப்படித்தான் சரியாக நினைவுக்கு வருகிறதோ! வெற்றி தோல்வியில் மனம் கட்டுண்டு போகாமல் செயல்படு என்று, போர்க்களத்தில் கலங்கி நிற்பவனுக்குச் சொன்ன அறிவுரை அது. ஒருவர் தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். கூலி கேட்பவருக்குப் பதிலாகச் சொல்ல அதில் இடமில்லை. மாண்புக்கு விலை கிடையாது என்பதால் வேலைக்கும் விலை வேண்டாம் என்று ஆகிவிடாது. மாண்புள்ள ஒருவரின் நேரத்தையும் உடலையும் எடுத்துக்கொள்வதால்தான் நியாயமான கூலி கடமையாகிறது.

வேலை எப்போதுமே நல்ல ஆசிரியர் என்றும் நினைத்துவிடக் கூடாது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் தன் ஆசிரியப் பணிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு 1934 டிசம்பரில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். 1935 ஆகஸ்டு வரை வெவ்வேறு ஆலைகளில் எந்திரங்களின் முன் நின்றார். தன் சுயமரியாதை உள்ளேயிருந்து வருவதாக அதுவரை நினைத்திருந்தவர் அவர். அது நின்றிருந்த தூண்கள் எல்லாம் வெளியே இருந்தவை, இரண்டு மூன்று வாரங்களில் அவை நொறுங்கிவிட்டன என்று பின்னர் ஒரு கடிதத்தில் எழுதினார். வெளியே எதையும் சார்ந்திராத ஒரு மாண்புணர்வு பிறகு மெதுவாகத் திரும்பியது என்கிறார். அதற்காக அந்த ஆலைகளை அவர் புகழவில்லை. அடிமைத்தனத்தின் முத்திரை தன்மேல் பதிந்துவிட்டதாகவே உணர்ந்தார். ஒருவர் நெருப்பிலிருந்து எதையோ கற்றுக்கொண்டு வெளியே வந்தார் என்பதற்காக மற்றவர்களை உள்ளே தள்ளுவது சரியாகாது.

## ஏழாம் நாள்

விலையும் மாண்பும் நமக்குள் எவ்வளவு கலந்து கிடக்கின்றன என்று பார்க்க, வேலை செய்யாத நாள்தான் நல்ல இடம். யூத மரபின் ஓய்வுநாள் கட்டளை விவிலியத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமத்தில் அதற்குச் சொல்லும் காரணம், படைத்தவரே ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது. உபாகமத்தில் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பதை நினைத்துக்கொள். ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும். மாடும் கழுதையும் அயலானும்கூட. எகிப்தில் அந்த மக்களுக்கு நாளொன்றுக்கு இத்தனை செங்கல் என்று கணக்கு இருந்தது. வைக்கோல் கொடுப்பதை நிறுத்திய பிறகும் அந்த எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. அப்படிச் செங்கலால் எண்ணப்பட்டவர்களுக்கு, எண்ண எதுவுமே இல்லாத ஒரு நாள் கொடுக்கப்பட்டது.

நீங்களும் ஒரு விடுமுறை நாளில் முயன்று பார்க்கலாம். உருப்படியாக எதுவும் செய்யாமல் இருங்கள். எந்த நேரத்தில் உள்ளுக்குள் ஒரு படபடப்பு தொடங்குகிறது, யாருக்கோ கணக்குக் காட்ட வேண்டும்போல இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். எனக்கு அது பிற்பகல் மூன்று மணி வாக்கில் வரும். எழுந்துபோய், யாரும் கேட்காத ஓர் அலமாரியை அடுக்க ஆரம்பித்துவிடுவேன்.